வார்ப்புச் சாலையில் வணங்காமை குறித்த ஓலை

பெருவளத்தரையரின் பதினோராம் ஆட்சியாண்டு, ஆனித் திங்கள் ஏழாம் நாள் முற்பகலில், தாழைத்துறை மணிவார்ப்புச் சாலையில் உருகிய வெண்கலம் கொட்டி இருவர் இறந்தனர்.

துறைமுகம் ஏழுடைய தாழைத்துறை நாட்டு வேந்தர் பெருவளத்தரையர் திருமுன்புக்கு, வெண்குன்ற நாட்டுப் பேரமைச்சர் மாறன் விழுப்பரையர் விடுக்கும் ஓலை. தங்கள் கலங்கள் கரை சேர்க. தங்கள் குடிகள் நெடிது வாழ்க.

தங்கள் வேண்டுகோளின்படி எம் மன்னர் அனுப்பிய வார்ப்பாசான் கண்டன் ஏறன் இன்று தங்கள் சிறையில் இருக்கிறார். துறைமுகம் ஒன்றை ஆளும் துறைக்காவலரை அவமதித்ததற்காக, ஆடி பிறந்ததும் அவருடைய வலக்கை கொய்யப்படும் என்பது தீர்ப்பு.

நடந்ததை உடனிருந்த எம் தூதர் எழுதியிருக்கிறார். உருகிய வெண்கலம் நிறைந்து, தண்டில் கோத்திருந்த கொப்பரையை நால்வர் சுமந்து அச்சின் வாய்க்குக் கொண்டுவந்த வேளையில் துறைக்காவலர் உள்ளே நுழைந்தார். "கும்பிடாதீங்கடா, தண்டப் பிடி, தண்டப் பிடி" என்று ஏறன் கத்தினார். தங்கள் நாட்டுப் பிள்ளைகளோ தாயின் இடுப்பில் இருக்கும்போதே பெரியோரைக் கண்டால் கைகூப்பப் பழகியவர்கள். முன்னிருவரின் கைகள் அவர்களைக் கேளாமலே குவிந்தன, கொப்பரை சாய்ந்தது. அவர்களை இழுக்கப் பாய்ந்த ஏறன், வழியில் நின்ற துறைக்காவலரைத் தள்ளினார். அவமதிப்பு என்பது இதுவே.

எம் நாட்டில் இது குற்றமாகாது. உலைக்களத்தைச் சுற்றிச் சாம்பலால் கோடு கிழித்திருக்கும். அதற்குள் யாருக்கும் வணக்கம் இல்லை. முடிசூடிய புதிதில் எம் மன்னர் அறியாமல் அதைத் தாண்டியபோது, அச்சுமண் பிசையும் நங்கை என்பவள் திரும்பியும் பாராமல், "யாருய்யா அது, கோட்டுக்கு அந்தாண்ட நில்லு. கும்பிடு வேணும்னா வேலை முடிஞ்சதும் வாங்கிக்க" என்றாள்.

பக்கத்தில் நின்றவள், "ராசாடி" என்று முணுமுணுத்தாள்.

"ராசான்னா வெண்கலம் சுடாதா?"

மன்னர் ஒரு நாழிகை வெளியே நின்றார். அறுபது பேரின் முதுகைக் கண்டு நின்ற அந்நாளை இன்றும் அவையில் சொல்லி மகிழ்கிறார். அவருடைய பதினெட்டு ஆண்டு ஆட்சியில் அக்களத்தில் வெண்கலத்தால் ஓர் உயிரும் போனதில்லை.

தங்கள் குடிகளின் பணிவைக் குறைகூற இவ்வோலை எழுதப்படவில்லை. அந்தப் பணிவு அயலூர் ஆசானின் கூச்சலுக்குக் கட்டுப்படாது; தங்கள் சொல்லுக்கே கட்டுப்படும். ஆகவே வார்ப்புச் சாலையில் வணங்கலாகாது என்று தாங்களே ஆணையிடுக, ஏறனை விடுவித்தருள்க. அவர் செய்தது குற்றமெனில் அதைக் கற்பித்தது எம் நாடு. தண்டனையை எம் நாட்டின்மேல் எழுதுக.

இது எம் மன்னர் கேட்டு ஒப்பிய சொல். நூல் சுற்றி, அரக்கு வைத்து, எருது இலச்சினை இட்டு விடுத்தது.

ஓலையின் பின்புறத்தில், தாழைத்துறை ஓலைச்சாலையார் எழுத்து: ஆனி இருபத்தெட்டாம் நாள் ஏறன் சிறை நீங்கினார். வார்ப்புச் சாலையில் வணங்குதல் விலக்கப்பட்டது. துறைக்காவலர் வேறு துறைக்கு மாற்றப்பட்டார்.