யாரும் தொடாத பை

இன்று மதியம் மருமகள் சாமைச் சோறு வடித்தாள். எனக்குச் சர்க்கரை கூடிவிட்டதாம், டாக்டர் அரிசியைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார். மூடியைத் திறந்தவளின் முகம் தொங்கிப்போனது. "களி மாதிரி ஆயிடுச்சு அத்தை," என்றாள். புல்லும் மண்ணும் கலந்த அந்த வாசனை கூடம் வரைக்கும் வந்தது. நான் சிரித்துக்கொண்டே தட்டை நீட்டினேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. நீ இருந்தால் உனக்குப் புரிந்திருக்கும். பச்சைமலையில் நீ கிண்டி வைத்ததும் இதே களிதான்.

நீ போய் ஆறு மாதம் ஆகிறது. துக்கம் கேட்க வந்தவர்கள் உன்னைப் பற்றி நல்லதாகவே சொன்னார்கள். உன்மேல் நான் கோபப்பட்ட கதையைச் சொல்ல அங்கே எனக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை. அதனால் இப்போது உன்னிடமே சொல்கிறேன்.

ஒரே பள்ளிக்கூடத்தில் நீ கணக்கு டீச்சர், நான் தமிழ் டீச்சர். நீ ஸ்ரீரங்கத்திலிருந்து வருவாய், நான் பாலக்கரையிலிருந்து. மதியம் ஒரே பெஞ்சில்தான் உட்காருவோம். ஆனால் உன் சம்புடத்துக்கும் என் டிபன் பாக்ஸுக்கும் நடுவே ஒரு ஸ்கேல் நீளத்துக்கு இடம் இருக்கும். என் சாப்பாட்டை நீ தொடமாட்டாய், உன்னுடையதை நான் தொடக்கூடாது. "கோச்சுக்காதேடி லூர்து, பழக்கம்," என்பாய். நானும் கோபமில்லை என்பேன். அது பொய். எனக்கு ரொம்பவே கோபம் இருந்தது. ஊர்க்கதை, வீட்டுக்கதை எல்லாம் பேசுகிறவள் என்னோடு ஒரு வாய் சாப்பிட மாட்டாளா என்று ஆறு வருஷமாக எனக்கு ஓர் ஏக்கம்.

அறுபதுகளில் ஒரு தை மாதம். பொங்கல் லீவில் பச்சைமலைக்குப் போய் வரலாம் என்று நான்தான் உன்னை நச்சரித்தேன். என் வீட்டுக்காரருக்குக் கூட்டுறவு ஆபீசில் வேலை. மலைமேலிருந்து துறையூர் சந்தைக்கு மொச்சை கொண்டுவரும் ஒருவர் அவருக்குப் பழக்கம். மதியச் சாப்பாடு அந்த மலைக்காரர் வீட்டில் என்று ஏற்பாடு. நீ உன் மாமியாரிடம் எப்படியோ அனுமதி வாங்கிவிட்டாய், ஆனால் சாப்பாட்டை மட்டும் கையோடு கொண்டு வருவதாகச் சொன்னாய். வருகிறாளே, அதுவே பெரிது என்று நினைத்துக்கொண்டேன்.

நானும் என் வீட்டுக்காரரும், எங்கள் பையன் ஜெயராஜும், நீயும் உன் பெண் வைதேகியும். துறையூரில் இறங்கி அடிவாரத்துக்குப் போகும் பஸ்ஸில் ஏறினோம். எங்கள் பையில் அவித்த முட்டை இருந்தது உனக்குத் தெரியும். அதனால் உன் பையை டிரைவர் பக்கத்தில் இருந்த கம்பியில் தனியாக மாட்டினாய். சிவப்புக் கரை போட்ட வெள்ளைத் துணிப்பை. "அதை மட்டும் யாரும் தொடாதீங்கோ," என்று எங்கள் எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னாய். ஜெயராஜ் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு உட்கார்ந்ததை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது.

அடிவாரம் வருவதற்குள் வைதேகிக்குக் குமட்டல் வந்துவிட்டது. நீ அவளைத் தூக்கிக்கொண்டு முதலில் இறங்கி ஓடினாய். அவர் எங்கள் பைகளை எடுத்தார், உன் பையைப் பார்த்தார், நகர்ந்துவிட்டார். கடைசியாக இறங்கியவள் நான். நானும் பார்த்தேன். தொடாதே என்றாளே, அவளே வந்து எடுத்துக்கொள்ளட்டும் என்று இறங்கிவிட்டேன். பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டது.

மலை ஏறுவதில் நீ எங்களைத் தோற்கடித்துவிட்டாய். நாங்கள் பாறைக்குப் பாறை உட்கார்ந்து மூச்சு வாங்கும்போது நீ முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மேலே நின்று கூப்பிடுவாய். "ஏழு பிராகாரமும் சுத்தறவளுக்கு இது என்ன மலை?" என்று பெருமை வேறு. பாதிவழி ஓடையில் குழந்தைகள் காலை நனைத்து விளையாடினார்கள். கீழே துறையூர் ஏரி வெயிலில் பளபளத்தது. அப்போதுதான் வைதேகி, "அம்மா, பசிக்கறது. நம்ம பை எங்கே?" என்றாள்.

நாங்கள் மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நீ யாரையும் குறை சொல்லவில்லை. "சரி, போனாப் போறது. எனக்கு ஒருவேளை பட்டினி புதுசா என்ன?" என்றாய். உன் கண் மட்டும் குழந்தை மேலேயே இருந்தது. நான் கையில் எடுத்த முட்டையைத் திரும்பப் பைக்குள் வைத்தேன்.

மேலே அந்த வீட்டு அம்மா வாசலில் தையல் இலை போட்டு வைத்திருந்தார். சாமைச் சோறு, பச்சை மொச்சைக் குழம்பு. "கவுச்சி எதுவும் இல்லீங்க, உட்காருங்க," என்றார். "எனக்குப் பசிக்கலை," என்றாய் நீ. அவர் உன்னை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு எதுவும் கேட்காமல் ஒரு புதுச் சட்டியும் ஒரு படி சாமையும் கொண்டுவந்து வைத்தார். "அடுப்பு மூட்டித் தரேன். உங்க கையாலயே வடிச்சுக்குங்கம்மா. பிள்ளைக்காவது ஆகும்ல?"

நீ மூன்று கல் வைத்து உட்கார்ந்தாய். உனக்குத் தெரிந்தது நெல்லரிசி. அதற்கு விடுகிற தண்ணீரை விட்டாய், அதற்கு விடுகிற நேரத்தை விட்டாய். புகை கண்ணைக் கரிக்க, தளதளவென்று ஒரு களி தயாரானது. அந்த அம்மா எட்டிப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "அது அரிசி இல்லீங்கம்மா. நாலு கொதி வந்தா இறக்கிடணும்." நீ வைதேகியைத் தேடினாய். அவள் ஜெயராஜ் பக்கத்தில் உட்கார்ந்து எப்போதோ சாப்பிட ஆரம்பித்திருந்தாள். மூக்கு நுனியில் குழம்பு.

உன் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. நீ கையைக் கழுவிக்கொண்டு வந்தாய். என் பக்கத்தில் நின்றாய்.

"கொஞ்சம் நகர்ந்துக்கோடி."

"குழம்புல வெங்காயம் இருக்கு," என்றேன். எச்சரிக்க வேண்டும் என்று தோன்றியது.

"வாசனை எனக்கும் தெரியறது. நகர்ந்துக்கோ."

நகர்ந்தேன். நீ என்னை ஒட்டி உட்கார்ந்தாய். அந்த அம்மா ஒரே சட்டியிலிருந்து எனக்கு ஓர் அகப்பை, உனக்கு ஓர் அகப்பை என்று போட்டார். நீ இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டாய். நான் குனிந்துகொண்டே சாப்பிட்டேன். கண் கலங்கியதற்குக் காரணம் புகை என்று நீ நினைத்திருப்பாய்.

சாயங்காலம் அதே பஸ் அடிவாரத்தில் நின்றது. பை அதே கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. "யாருதுன்னு தெரியலைங்க. அதான் தொடாம வச்சிருந்தேன்," என்றார் கண்டக்டர். அவரும் நம்மோடு சேர்ந்துகொண்டாரே என்று நாம் சிரித்த சிரிப்பில் டிரைவர் திரும்பிப் பார்த்தார். நீ பையைப் பிரித்தாய். தயிர் சாதம் புளித்திருந்தது, புளியோதரை மணத்தது. குழந்தைகளுக்குக் கொடுத்தாய், என் வீட்டுக்காரருக்குக் கொடுத்தாய், பிறகு பொட்டலத்தை அப்படியே என் பக்கம் நீட்டினாய். நான் எடுத்த இடத்திலிருந்தே நீயும் எடுத்தாய்.

கொஞ்ச தூரம் போனதும் மெதுவாகக் கேட்டாய். "இறங்கறச்சே நீ பையைப் பார்த்தியோ?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "பார்த்தேன்."

"எடுத்திருக்கலாமேடி."

"நீதானே தொடாதேன்னு சொன்னே."

நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். துறையூரில் பஸ் மாறினோம். ரோட்டோரப் புளியமரங்கள் போய்க்கொண்டே இருந்தன. காவிரிக் காற்று முகத்தில் படும்போதுதான் சொன்னாய்: "இனிமே தொடு."

ஸ்கேல் இடைவெளி ஒரே நாளில் போய்விடவில்லை. திங்கட்கிழமை பழையபடி வந்து நின்றது. ஆனால் அது பாதியானது, கால்வாசியானது, அடுத்த தைக்குள் என் இடியாப்பத்தைக் கேட்காமலேயே எடுத்துக்கொள்ளும் அளவுக்கு நீ கெட்டுப்போனாய். உன் மாமியாருக்குக் கடைசிவரை தெரியாது.

போன வாரம் சமயபுரம் போய்வந்த பஸ்ஸில், இறங்கும் அவசரத்தில் ஒரு பெண் கூடையை விட்டுவிட்டுப் போகப் பார்த்தாள். நான் அதைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னாலேயே இறங்கினேன். "என் கூடையை நீங்க ஏன் தொட்டீங்க?" என்று சண்டைக்கு வந்தாள். இதுமாதிரி எத்தனையோ பேரிடம் திட்டு வாங்கியாயிற்று. யார் பையானாலும் பஸ்ஸில் விட்டுவிட்டு இறங்க எனக்கு மனசு வருவதில்லை. நீ சொன்னதைத்தான் செய்கிறேன்.