கறுப்பு மறைக்காது

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஓட்டத்துக்கான புது உடுப்பு வந்துவிட்டது. பனியன், அரைக்கால் சட்டை இரண்டும் கறுப்பு. தோலோடு ஒட்டிக்கொள்ளும் மெல்லிய துணி. நெஞ்சில் கம்பெனி பெயர் வெள்ளையில், பெரிதாக.

நிர்வாக மேலாளர் முரோட்டா தானே கொண்டுவந்து கொடுத்தார். "வெள்ளையா இருந்ததாலதானே பிரச்சனை? உங்களுக்காகத்தான் கறுப்பா மாத்தினோம்," என்றார். வரிசையாகக் குனிந்து நன்றி சொன்னோம். நானும்தான் குனிந்தேன்.

ஃபுமிகா மட்டும் உறையைப் பிரிக்கவில்லை. விடுதியில் என் அறைத்தோழி, இருபத்தொரு வயது. ஜூன் போட்டியில் எவனோ அவளை அகச்சிவப்புக் கேமராவில் எடுத்து இணையத்தில் போட்டுவிட்டான். உடுப்பு போட்டுத்தான் ஓடினாள். படத்தில் அந்த உடுப்பு இருந்தும் இல்லாததுபோல் இருந்தது. முகமும் மார்பு எண்ணும் மட்டும் தெளிவு.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

"இது மறைக்குமா மினோரியக்கா? மறைக்காதுன்னா நான் ஓடமாட்டேன்," என்றாள் ஃபுமிகா. எனக்கு எப்படித் தெரியும்?

கோச் டொகாஷியிடம் கேட்டேன். ஓட்ட நேரம் குறிக்கும் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்காமலே பதில் சொன்னார். "கறுப்புக்குள்ள என்னத்தத் தெரியப்போகுது? நெட்ல படிச்சதையெல்லாம் தூக்கிட்டு வராத."

"தெரிஞ்சா?"

"அவ அக்டோபர்ல ஓடலன்னா அணியில இடமில்ல. அணியில இல்லாதவளுக்கு விடுதியில படுக்கை இல்ல. அத அவகிட்ட சொல்லு."

அதாவது வேலையும் இல்லை. எங்களை எடுத்ததே ஓடுவதற்குத்தான். காலையில் ரைஸ் குக்கருக்கு மூடி பொருத்துகிறோம். மாலையில் அதே கம்பெனியின் பெயரைச் சுமந்து ஓடுகிறோம். ஒருவன் திருட்டுத்தனமாகப் படம் எடுத்ததற்கு இவள் வீடு போக வேண்டும். என்ன கணக்கு இது?

வாயால் சொன்னால் யாரும் நம்பப்போவதில்லை. காட்ட வேண்டும்.

ஆகஸ்ட் 9, சனி

ஸ்டேஷன் பின்னாலிருக்கும் பழைய சாமான் கடை. பழுது, திருப்பித் தர முடியாது என்று எழுதிய கூடையில் ஒரு சின்ன டிஜிட்டல் கேமரா கிடந்தது. மேல்மூடி நசுங்கியிருந்தாலும் படம் வருகிறது. கூடவே பழைய பிலிம் துண்டு கேட்டேன், கழுவியது, முழுக்க வெளிச்சம் பட்டுக் கறுத்த முனையாகப் பார்த்து.

கடைக்காரர் நிமிர்ந்தார். "அகச்சிவப்புக்கு மாத்தப்போறியா? இதுவரைக்கும் பொண்ணு யாரும் வந்து கேட்டதில்ல."

"ஆம்பளைங்க?"

அவருக்குத் திடீரென்று ரேடியோவைச் சரிசெய்ய வேண்டியிருந்தது.

ஆகஸ்ட் 13, புதன்

முன்னோரை வணங்க எல்லோரும் ஊருக்குப் போகும் ஒபோன் விடுமுறை. விடுதி காலி, ஃபுமிகாவும் ஊருக்குப் போய்விட்டாள். நான் போகவில்லை, பயிற்சி என்று அம்மாவிடம் பொய் சொன்னேன்.

அகச்சிவப்பில் மரங்களை வெள்ளை வெளேரென்று படம் எடுக்கும் ஆள் ஒருவர் இணையத்தில் படிப்படியாக எழுதி வைத்திருக்கிறார். கேமராவுக்குள் படம் பிடிக்கும் சில்லுக்கு அகச்சிவப்பு நன்றாகவே தெரியுமாம். அது தெரியக் கூடாதென்று முன்னால் ஒரு நீலப்பச்சைக் கண்ணாடி வைத்து அடைக்கிறார்கள். அந்தக் கண்ணாடியை எடுத்துவிட்டால் போதும். எவ்வளவு சுலபம்.

ஆனால் சுலபமாக இல்லை. பேட்டரியைக் கழற்றிவிட்டோமே என்று தைரியமாகத் திருகைச் சுழற்றினேன். பிளாஷுக்குப் பக்கத்திலிருந்து முழங்கைவரை ஷாக் அடித்தது. அதற்குள் மின்சாரம் தேங்கியிருக்குமென்று அந்த ஆள் தடித்த எழுத்தில் எழுதியிருக்கிறார். நான் அந்த வரியைத் தாண்டிப் போயிருக்கிறேன். அவசரக்குடுக்கை.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கண்ணாடி கழன்று வந்துவிட்டது. கையுறை போட்டு, மூச்சை அடக்கி, பல் குத்தும் குச்சியால் நெம்பினேன். விரல் நகம் அளவு. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது.

திரும்ப மூட்டிப் பார்த்தால் எல்லாமே மங்கல். எடுத்த கண்ணாடியின் கனத்துக்கு ஈடாக வேறு கண்ணாடி இல்லாவிட்டால் குவியம் தப்பிவிடுமாம். மறுபடி பிரி. உயிரியல் வகுப்பில் நுண்ணோக்கியில் பார்க்கும்போது சொட்டு நீர்மேல் மூடுவோமே, அந்த மெல்லிய கண்ணாடி வாங்கிவந்து வெட்டினேன். மூன்று உடைந்தன. நான்காவது உட்கார்ந்தது. உள்ளே ஒரு தூசி மாட்டிக்கொண்டது, இருந்துவிட்டுப் போகட்டும்.

ஆகஸ்ட் 16, சனி

லென்ஸின் முன்னால் கறுத்த பிலிமை இரண்டாக மடித்து ஒட்டினேன். கண்ணுக்கு அது சுவர், அகச்சிவப்புக்கு ஜன்னல். டிவி ரிமோட்டை நீட்டி அழுத்தினேன். கேமராத் திரையில் ரிமோட்டின் நுனி டார்ச் மாதிரி எரிந்தது.

கைதட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

வெயில் நேரம். மொட்டைமாடிக் கொடியில் கறுப்புப் பனியனைத் தொங்கவிட்டு, உள்ளே சூப்பர் மார்க்கெட் விளம்பரத் தாளைச் செருகினேன். வெறும் கண்ணுக்குக் கறுப்பு. திரையில் துணி பழைய கொசுவலைபோல் வெளுத்துப்போனது. விளம்பரத்தின் சிவப்பும் மஞ்சளும் காணாமல் போய், கறுப்பில் அச்சடித்தது மட்டும் நின்றது: முட்டை, ஆளுக்கு ஒரு பெட்டி மட்டும்.

படித்துவிட்டேன். உடுப்பு வழியாக முட்டை விளம்பரத்தைப் படித்துவிட்டேன்.

இனி எழுதுவது கெட்ட பகுதி. என் பனியன் ஈரமாயிருந்ததால் ஃபுமிகாவுடையதை எடுத்திருந்தேன். அவளைக் கேட்கவில்லை. ஊரில்தானே இருக்கிறாள் என்று நினைத்தேன். ஒருநாள் முன்னதாகத் திரும்பிவிட்டாள். படியேறி வந்தவள் கொடியில் தன் பெயர் தைத்த உடுப்பைப் பார்த்தாள், என் கையில் கேமராவைப் பார்த்தாள்.

"என்னதை ஏன் எடுத்தே?"

"துணியைத்தான்டி. உள்ள காகிதம்..."

"நீயுமா?"

ஃபுமிகா என்னிடம் 'அக்கா' இல்லாமல் பேசியது இதுதான் முதல் தடவை.

ஆகஸ்ட் 18, திங்கள்

அறைக்கு நடுவில் துண்டைத் திரையாகக் கட்டிவிட்டாள்.

ஆகஸ்ட் 21, வியாழன்

நல்லதுக்குத்தானே செய்தேன் என்று நான்கு நாளாக மனசுக்குள் வாதாடிக்கொண்டிருந்தேன். நல்லதுக்கா? சரி. அவளைக் கேட்டாயா? இல்லை. அப்படியானால் முரோட்டாவுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? அவரும் உங்களுக்காகத்தான் என்றுதான் சொன்னார்.

இன்று சாப்பாட்டுக் கூடத்தில் கேமராவை அவள் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். "உங்கிட்டயே இருக்கட்டும். உடைக்கணும்னா உடைச்சிடு. பனியன் படம் உள்ளதான் இருக்கு, அதை நீயே அழி. கேக்காம எடுத்தது தப்பு."

மிசோ சூப்பை முழுக்கக் குடித்துவிட்டுக் கேட்டாள்.

"இதை வச்சு என்ன பண்றதா இருந்தே?"

"கோச்சுக்கும் முரோட்டாவுக்கும் காட்டலாம்னு."

"யாரை எடுத்து?"

உண்மையில் நான் அதை யோசித்திருக்கவே இல்லை. என்னையே எடுத்துக் காட்டலாமென்று எங்கோ ஓரத்தில் இருந்திருக்கும்.

"பொம்பளையே மறுபடி நிக்கணுமா?" என்றாள். "சந்தேகம் அவங்களுக்குத்தானே? அவங்களே போட்டுப் பாக்கட்டும்." கேமராவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "பெரிய சைஸ் பனியன் ஒண்ணு மிச்சம் இருக்கு, மினோரியக்கா."

ஆகஸ்ட் 28, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன்.

கூட்ட அறை. முரோட்டா, கோச், நாங்கள் இருவர். முரோட்டா சொன்னதையே திரும்பச் சொன்னார்: கறுப்பில் ஒன்றும் தெரியாது, இவ்வளவு செலவழித்தாயிற்று, வீண் பேச்சு கம்பெனிக்கு அழகில்லை.

மிச்சமிருந்த பனியனை மேசைமேல் வைத்தேன். "ஒண்ணும் தெரியாதுன்னா நீங்க போட்டுக்கங்க சார். வெளிய வெயில் நல்லா இருக்கு."

"நானா? எதுக்கு?"

"தெரியாதுன்னு சொல்றீங்களே. அப்புறம் என்ன பயம்?"

கோச் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் சிரிப்பில் குலுங்கியது. முரோட்டாவுக்கு அதுதான் பொறுக்கவில்லை. "கொண்டா," என்று பிடுங்கிக்கொண்டு கழிப்பறைக்குப் போனார்.

லாரி நிறுத்துமிடத்தில் வந்து நின்றார். பனியன் தொப்பையில் இறுகி, பெல்ட்டுவரைதான் எட்டியது. சரக்கு இறக்கிக்கொண்டிருந்த இருவர் வேலையை நிறுத்திவிட்டார்கள். ஃபுமிகா நீட்டிய கேமராவை வாங்கி, எடுக்கட்டுமா என்று கேட்டேன். எடு என்றார். "திரும்புங்க சார், முதுகு." எடுத்தேன்.

திரையைக் காட்டினேன். கோச்சும் எட்டிப்பார்த்தார். வெளுத்த துணிக்கடியில், இடுப்பின் இரண்டு பக்கமும் இரண்டிரண்டாக வலிநிவாரணப் பட்டைகள். நேர்வரிசை, பக்குவமாக வேறு யாரோ ஒட்டிவிட்டது. போன வாரம்தான் கம்பெனி கோல்ஃபில் தன் இடுப்பு இருபது வயசுக்காரனுடையது என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

முரோட்டா குனிந்து தன்னையே பார்த்தார். கறுப்பு. திரும்பத் திரையைப் பார்த்தார். இரண்டு கையையும் பின்னால் கொண்டுபோய் முதுகை மூடிக்கொண்டார்.

"அழிச்சிடு," என்றார். மெதுவாக.

ஃபுமிகா சொன்னாள்: "எனக்கு அப்படிச் சொல்றதுக்கு ஆள் கிடைக்கல சார்."

லாரிக்காரர்கள்கூடச் சிரிக்கவில்லை. அவர் கண்ணெதிரே அழித்தேன். அழிந்ததைக் காட்டவும் செய்தேன்.

செப்டம்பர் 16, செவ்வாய்

வேறு துணி வந்தது. கருநீலம், தடிமன், அகச்சிவப்பு ஊடுருவாதபடி நெய்தது. விளம்பரத்தாளைச் செருகி எல்லோர் முன்னாலும் சோதித்தேன். முட்டை தெரியவில்லை. ஃபுமிகா அக்டோபர் ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டாள்.

ஓடுபவர்கள் பட்டியலில் என் பெயர் இல்லை. கோச் காரணம் சொன்னார்: "ஃபார்ம் சரியில்ல." போன வாரம்தான் இந்தப் பருவத்திலேயே மிகக் குறைந்த நேரத்தில் ஓடி முடித்தேன். அவர் கையில்தான் கடிகாரம் இருந்தது. ஏப்ரலிலிருந்து முழுநேரமும் மூடி பொருத்தும் பகுதி என்று நிர்வாகத்திலிருந்து தாள் வந்தது. ஒப்பம் முரோட்டா.

வருந்துகிறேனா? ஆமாம். கால்கள் இன்னும் ஓடக் கேட்கின்றன. அதற்கு நான் என்ன சொல்ல?

அக்டோபர் 19, ஞாயிறு

மண்டலத் தொடர் ஓட்டம். கோட்டு ஏந்தும் ஆளாக ஃபுமிகா என்னைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். புறப்படும்வரை மேலே போட்டிருக்கும் நீளக் கோட்டை வாங்கிக்கொண்டு, ஓட்டம் முடிகிற இடத்துக்கு எடுத்துப்போய்த் தோளில் போட வேண்டும். அந்த வேலை.

அவள் இரண்டாவது கட்டம். எட்டுப் பேரைத் தாண்டினாள். தோளில் குறுக்கே போட்டு ஓடிவந்த துணிப்பட்டையை அடுத்து ஓடுபவள் கையில் கொடுத்துவிட்டு என்மேல் வந்து விழுந்தாள். "துணி தடிமன். நம்ம குக்கர்ல வச்ச அரிசி மாதிரி வெந்துட்டேன் மினோரியக்கா."

சாலையோரம் மூன்று ஆண்கள். நீள லென்ஸ், கறுப்பு ஜாக்கெட். ஒருவன் லென்ஸுக்கு முன்னால், நான் ஒட்டிய பிலிம்போலவே, கரும் கண்ணாடி மாட்டியிருந்தான். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அவர்கள் எப்போதும் இருப்பார்கள்.

"பையில அது இருக்கா?" என்றாள் ஃபுமிகா.

கேமராவைக் கொடுத்தேன். வியர்வையோடு, கோட்டுக் கைகளை மடித்துவிட்டுக்கொண்டு நேராக அவர்கள் முன்னால் போய் நின்றாள். திரையில் நானும் பார்த்தேன். பின்னாலிருந்த மரமெல்லாம் பனி பெய்ததுபோல் வெள்ளை. கறுப்பு ஜாக்கெட்டுகளும் நரைத்துச் சாம்பலாகியிருந்தன.

கரும் கண்ணாடிக்காரன் லென்ஸை இறக்கி முகத்தைத் திருப்பினான்.

"அப்படியே நில்லுங்க," என்றாள். "ஒண்ணும் தெரியாது. கறுப்புதானே போட்டிருக்கீங்க."

அவன் கிளம்பினான். மற்ற இருவரும் கொஞ்ச நேரம் வீம்புக்கு நின்றுவிட்டுப் போனார்கள்.

நாங்கள் ஒன்பதாவது. நாளை எனக்குக் காலை ஷிஃப்ட். கேமரா அவளிடம்தான் இருக்கிறது, நான் திரும்பக் கேட்கவில்லை.