கணுக்கால் மடங்கிய மாதம்

மார்ச் 3
கணுக்கால் பந்துபோல வீங்கிக் கிடக்கிறது. நேற்று பாலே நடன ஒத்திகையில் குதித்து இறங்கும்போது மடங்கியது. "ஒரு மாசத்துக்கு ஆட்டம் கீட்டம் எதுவும் கிடையாது" என்று டாக்டர் சொல்லிவிட்டார். சிறுவயதிலிருந்தே மாலைப்பொழுதில் நான் வீட்டில் இருந்ததில்லை. ஆறு மணிக்கு மேல் மனிதர்கள் என்னதான் செய்வார்கள்?

மார்ச் 5
வெங்காயம் வதக்குகிறார்கள். பிள்ளைகளை வீட்டுப்பாடத்துக்கு விரட்டுகிறார்கள். எதிர்வீட்டுத் தம்பதி டிவி ரிமோட்டுக்காகச் சண்டை போட்டுவிட்டு, தாங்களே சிரித்துக்கொள்கிறார்கள். ஜன்னலை விட்டு நகர மனமில்லை.
"சினிமா பாக்குற மாதிரி பாக்குறியேடி. இதுக்குப் பேருதான் சாயங்காலம்" என்றாள் அம்மா.

மார்ச் 9
லிஃப்ட்காரன் வந்தான். அரங்கத்து லிஃப்டில் மாட்டிக்கொண்ட என்னை வெளியே எடுத்தவனுக்கு, ரெண்டு வருஷமாகக் காதலித்தும், இன்னும் அந்தப் பெயர்தான். கடிகாரத்தைப் பார்க்காமல் அவனோடு உட்கார்ந்து சாப்பிட்டது இதுவே முதல்முறை.
"ஜூன்ல கல்யாணம் வச்சுக்கலாமா? நீ இப்படி வீட்ல இருக்கிறது நல்லா இருக்கு."
சரி என்று நாக்கு நுனிவரை வந்தது. அவனுக்குப் பிடித்திருப்பது என்னையா, என் சுளுக்கையா?

மார்ச் 14
நடன மாஸ்டர் போன் செய்தார். முதன்மை ஆட்டக்காரி விலகுகிறாளாம். அந்த இடம் எனக்கு! ஜூனிலிருந்து ஒரு வருஷம் ஊர் ஊராகப் பயணம். "கால் மெதுவா ஆறட்டும். பதில் மட்டும் சீக்கிரம் வேணும்."
ஒற்றைக்காலில் நின்று கத்தினேன். என்னவோ ஏதோவென்று அம்மா ஓடிவந்தாள்.

மார்ச் 15
அவனிடம் இன்னும் சொல்லவில்லை.

மார்ச் 17
சொன்னேன்.
"போகாதேன்னு சொல்ல மாட்டேன். காத்திருப்பேன்னும் சொல்ல மாட்டேன். எனக்கு வீட்ல ஆள் வேணும். பொய் சொல்லி என்ன ஆகப்போகுது?"
இவ்வளவு நேர்மையை இவன்கிட்ட யாரு கேட்டா? ஒரே ஒரு தடவை பொய்தான் சொல்லேன்டா!

மார்ச் 22
அவன் வேலை செய்வதைப் பார்த்ததே இல்லையே என்று இன்று நொண்டிக்கொண்டே போனேன். லிஃப்டின் கூரைமேல் குந்தி, டார்ச்சைப் பல்லில் கடித்தபடி ஏதோ திருகாணியை முடுக்கிக்கொண்டிருந்தான். கூப்பிட்டேன். மறுபடியும் கூப்பிட்டேன். காதிலேயே விழவில்லை.
அந்த முகத்தை வீட்டில் ஒருநாளும் நான் பார்த்ததில்லை. ஆடும்போது எனக்கும் அப்படியொரு முகம் வருமோ? அவன் இறங்கி வந்ததும், "நீயும் ஒருநாள் ஒத்திகைக்கு வந்து கிட்ட இருந்து பாரேன்" என்றேன். இதுவரை என் ஆட்டத்தைக் கடைசி வரிசையிலிருந்துதான் பார்த்திருக்கிறான். அதிலும் பாதி தூக்கம்.

ஏப்ரல் 6
கால் சரியாகிவிட்டது. அவன் ஒத்திகைக்கு வந்து சுவரோரம் உட்கார்ந்து பார்த்தான். முடிந்ததும் கேட்டான்: "நடுவுல எழுந்து வெளியே போயிட்டு வந்தேன். கவனிச்சியா?"
"இல்லையே."
"கையெல்லாம் ஆட்டினேன்." சிரித்தான். பிறகு குனிந்து என் ஷூ நாடாவை அவிழ்த்துவிட்டான். "மாஸ்டருக்கு போன் பண்ணு. போயிட்டு வா."
திரும்பி எங்கே வருவது என்று இரண்டு பேருமே பேசவில்லை.

நவம்பர் 11
இன்னொரு ஊர். ஒப்பனைக்கு உட்கார்ந்திருந்தபோது அம்மா கூப்பிட்டாள். அவனுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டதாம். "அவகிட்ட நானே சொல்லட்டுமான்னு வீட்டுக்கு வந்து கேட்டான்டி, பாவம். நான்தான் வேணாம்னுட்டேன்."
ஒப்பனைக்காரி கலைந்த கண்மையைத் துடைத்துவிட்டு மறுபடி வரைந்தாள். மணி அடித்தது. போய் ஆடினேன்.
திரை இறங்கிய பிறகுதான் அவன் ஞாபகம் திரும்ப வந்தது. அவ்வளவு நேரமும் அது எங்கே போயிருந்தது?