மேடைக்கு மூன்று படி

அன்பு மகள் மதிக்கு அம்மா எழுதுவது.

இந்த நேரத்தில் எழுதுவதற்குக் கோபித்துக்கொள்ளாதே கண்ணு, இங்கே மணி ஒன்றரை ஆகிறது, அப்பா தூங்கின பிறகுதான் எழுத முடிந்தது. நாங்கள் நலம், நீ நலமா என்று எழுதலாம் என்று உட்கார்ந்தேன், நீ நலமா என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. இந்தத் தடவை அதை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை, பதில் தெரிந்தே ஆக வேண்டும் என்று கேட்கிறேன். போனில் கேட்க வழியில்லை, எப்போது கூப்பிட்டாலும் அப்பா ஸ்பீக்கரில் போடச் சொல்லிப் பக்கத்திலேயே இருக்கிறார். அதனால்தான் தாளில் எழுதி போட்டோ எடுத்து அனுப்புகிறேன்.

நீ அனுப்பிய மாநாட்டு லிங்கைப் பக்கத்து வீட்டு சுமலதா தன் லேப்டாப்பில் போட்டுக் காட்டினாள். இங்கே அட்டுவம்பட்டி முழுக்க மஞ்சு மூட்டமாய் இறங்கிக் கிடந்தது, நெட் இரண்டு தடவை அறுந்தது, உன் முறைக்குச் சரியாக வந்துவிட்டது. போர்ச்சுகலில் அந்தப் பெரிய ஹாலில் தமிழ்மதி என்று திக்கித் திக்கி வாசித்ததும் அப்பா, ஏத்தா சுமலதா சத்தத்தக் கூட்டு, எம் புள்ளைய கூப்பிடுறாய்ங்க என்று நாற்காலியோடு முன்னால் நகர்ந்தார். கோட்டு மாட்டிக்கிட்டு என்னா மிடுக்கா வர்றா, பொண்ணு பாக்க வந்தவன்கிட்ட இவதான் கேள்வி கேப்பா போல என்று சுமலதா சொல்ல, ஒரே சிரிப்பு. நீ பேசியதில் பாதியாவது எனக்குப் புரிந்தது, உன்னை வயிற்றில் வைத்துக்கொண்டு விலங்கியல் கடைசி வருடப் பரீட்சை எழுதினவள்தானே நான். தசை இழையின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு உறங்குகிற ஸ்டெம் செல்கள், தசை கிழிந்தால் விழித்துப் பழுது பார்க்கும், அப்பாவுக்கு இருப்பது போன்ற தசை தேயும் நோயில் ஓயாமல் எழுப்பி எழுப்பி அவையே களைத்துப்போகும், அவற்றை மறுபடி எழுப்ப வழி தேடுகிறேன் என்றாய். எல்லாரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன், ஆனால் என் மனது நீ பேச ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே நின்றுபோயிருந்தது. மேடைக்கு மூன்று படி இருந்தது. இரண்டாவது படியில் நீ வலது கையைத் தொடையில் ஊன்றி எழும்பினாய். மூன்றாவது படியிலும்.

அப்பா அதைப் பார்த்து, கிளாவரைக்காரின்னு எங்க போனாலும் தெரிஞ்சிரும், காட்டுல ஏறுற மாதிரியே ஏறுறா பாரு என்று பெருமையாகச் சிரித்தார். அவர் சொன்னது சரியாகவும் இருக்கலாம். நம் சொந்த ஊர் கிளாவரையில் பூண்டு மூட்டையை முதுகில் போட்டுக்கொண்டு படிக்காட்டுச் சரிவு ஏறுகிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் தொடையில் கை கொடுத்து ஏறுகிறோம், நீயும் சின்னதிலிருந்து அப்படி ஏறியவள்தான். ஆனால் மதி, அந்தப் பழக்கம்தான் நம்மை ஏமாற்றியது. அப்பாவுக்கு இருபத்துநாலு வயதில் அது தொடங்கியபோது ஊரில் யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை. வெறுங்கையோடு ஏறும்போதும் அவர் தொடையில் கை ஊன்றுகிறார் என்று நான்தான் கவனித்திருக்க வேண்டும். உன் சக்திவேல் மாமா, மாப்ளைக்குக் கல்யாணம் ஆனதும் சோம்பல் ஏறிருச்சு, வெள்ளனே எந்திரிக்க வலிக்குது என்று கேலி பேசிக்கொண்டிருந்தான், நானும் சேர்ந்து சிரித்தேன். கீழ்நாட்டில் சமதரையில் இருந்திருந்தால் ஒரு வருடத்தில் தெரிந்திருக்கும். நமக்கு ஏழு வருடம் போயிற்று. உனக்கு இப்போது இருபத்துமூன்று. மேடை ஏறும்போது உன் முதுகில் ஒரு மூட்டையும் இல்லை.

படுக்கப் போகும்போது அப்பா, எத்தனை படி இருந்துச்சு என்று கேட்டார். மூன்று என்றேன். மூணுதானா என்றார்.

இனி எழுதப்போவதைப் படித்துவிட்டு நீ என்னை என்ன வேண்டுமானாலும் சொல். ஆறு வருடத்துக்கு முன்னால் மதுரை டாக்டர் அப்பாவுக்குப் புதிதாக எடுத்த ஜீன் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு என் ரத்தத்தையும் கேட்டார். அத்தை மகனைக் கட்டியிருக்கிறீர்கள், உங்களிடமும் அந்தக் கோளாறு ஒன்று ஒளிந்திருக்கலாம், பிள்ளைக்கு அப்பாவிடமிருந்து ஒன்று கட்டாயம் போயிருக்கும், உங்களிடமிருந்தும் ஒன்று போயிருந்தால்தான் நோய் வரும் என்றார். நான் லேப் வாசல் வரைக்கும் போனேன். உள்ளே போகவில்லை. பத்து நிமிடம் நின்றுவிட்டு, நர்ஸிடம் ஒரு பஞ்சு வாங்கி முழங்கை மடிப்பில் வைத்து மடக்கிக்கொண்டு உங்கள் இருவரிடமும் திரும்பி வந்தேன். ஒரு மாதம் கழித்து, போனில் சொன்னார்கள், எனக்கு ஒன்றும் இல்லையாம் என்றேன். நீ அப்போது பிளஸ் டூ. என்னைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டு, அப்படின்னா எனக்கு வராதும்மா, நான் அப்பாவுக்கு மருந்து கண்டுபிடிக்கிற சோலியப் பாக்குறேன் என்றாய். அந்தச் சந்தோஷத்தைப் பார்த்த பிறகு எப்படி மாற்றிச் சொல்ல? பரீட்சை முடியட்டும் என்று தள்ளினேன், பிறகு காலேஜ், பிறகு விசா. உனக்கு வராது என்று நீ நம்பிக்கொண்டிருப்பது என் வாய் வார்த்தையை வைத்துத்தான். அதற்குப் பின்னால் ஒரு காகிதமும் கிடையாது.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் மதுரை போய் ரத்தம் கொடுக்கப்போகிறேன். பொழுது விடிந்ததும் அப்பாவிடம் உண்மையைச் சொல்லிவிடுவேன். என் ரிசல்ட் வர நாளாகும், அதற்காக நீ காத்திருக்காதே. தசை சிதைகிறதா என்று ரத்தத்தில் பார்க்கிற அந்த சிகே பரிசோதனை ஒரே நாளில் தெரிந்துவிடும் என்று அந்த டாக்டர் சொன்னது நினைவிருக்கிறது, முதலில் அதைக் கொடு, பிறகு ஜீன் பரிசோதனை. உன்னைச் சுற்றி அதையே படித்தவர்கள் இருக்கிறார்களே, ஒருத்தரிடமாவது வாய் திறந்து கேள், வெட்கப்படாதே. தரையில் குத்தவைத்து உட்கார்ந்தால் கை ஊன்றாமல் எழுந்திருக்க முடிகிறதா? எப்போதிருந்து தொடையில் கை வைக்கிறாய்? குதிகால் செருப்பு வழுக்கியது என்றால் அதையும் சொல், கேட்டுக்கொள்கிறேன். எனக்காக மட்டும் நல்லதாக எதையும் சொல்லாதே, அந்த வேலையை நான் செய்து பார்த்துவிட்டேன்.

பூம்பாறை குழந்தை வேலப்பர் உன் கையையும் காலையும் காக்கட்டும், நூறு வயது நன்றாக நடந்து திரி தாயி. நேரத்துக்குச் சாப்பிடு, பரிசோதனைக்குப் போகிற அன்றைக்குத் தனியாகப் போகாதே, கூட ஒரு ஆளைக் கூட்டிப்போ. திட்டுவதாக இருந்தாலும் திட்டி எழுது, படித்ததும் வெரசா பதில் போடு.

இப்படிக்கு,
உன் அம்மா
பாண்டிச்செல்வி