நடுவழியில் இறக்கிவிட்டார்கள்

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முட்டிவலி, அப்பா இருமல் எல்லாம் எப்படி? நான் நலம்.

நேற்று முதலாளி குடும்பத்தைக் காரில் வெளியூர் கூட்டிப்போனேன். பின்சீட்டில் ஜன்னலோரத்துக்குப் பிள்ளைகள் ஒரே அடிதடி. என்னையறியாமல் பிரேக்கை மிதித்து, அப்பா மாதிரியே தமிழில் கத்திவிட்டேன்: "இன்னொரு சத்தம் வந்துது, ரெண்டு பேரையும் இறக்கி விட்டுடுவேன்!"

முதலாளிக்கு வார்த்தை புரியவில்லை, கோபம் புரிந்துவிட்டது. என்னை இறக்கிவிட்டு அவரே ஓட்டிக்கொண்டு போய்விட்டார். அறைவரை நடந்தேன். வேலை போகவில்லை, பயப்படாதே. யாராவது இங்கே வந்தால் ஒரு ஜோடி செருப்பு கொடுத்தனுப்பு.

பெரியப்பா காரை இரவல் வாங்கி ஊர் சுற்றப் போனோமே, அன்று இதே ஜன்னல் சண்டைக்கு அப்பா என்னை இறக்கிவிட்டதும், "அப்ப நானும் இறங்குறேன்" என்று நீயும் வந்து நின்றாய். நேற்றும் பக்கத்தில் திரும்பிப் பார்த்துத் தொலைத்தேன்.

வண்டி கழுவ முதலாளி கூப்பிடுகிறார்.

உன் சின்னவன்