குடும்ப ஜெபத்தில் அம்மாவின் முறை

அன்புள்ள சித்திக்குத் தோத்திரம்.

இதை யாருக்கும் காட்டாதீர்கள், ப்ளீஸ். அப்பா ஊருக்கு அனுப்பும் ஊழியக் கடிதம் என்று நினைத்து ஞாயிற்றுக்கிழமை சபையில் வாசித்துவிடப் போகிறார்கள். சித்தப்பா நலமா? உங்களுக்குப் பிரசவ நாள் சொல்லிவிட்டார்களா?

நாங்கள் சுகம். ஊழியமும் நடக்கிறது. அப்பா வாராவாரம் ஆராதனைக்குக் கூடத்தில் நாற்காலி போடுகிறார், யாரும்தான் வருவதில்லை. போன வாரம் ஒரு தையல்கார அம்மா மழைக்கு ஒதுங்கி வந்து உட்கார்ந்தார். "ஒரு ஆத்துமா வந்திருக்கு, பாத்தியா!" என்று அப்பா அன்றைக்கெல்லாம் சிரித்துக்கொண்டே இருந்தார்.

தம்பி இறப்பதற்கு முன்பு நீங்கள் அவனுக்கு அனுப்பிய ஸ்வெட்டர் நேற்றுதான் வந்து சேர்ந்தது. பயப்படாதீர்கள், அம்மா அழவில்லை. அதை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே குடும்ப ஜெபத்துக்கு உட்கார்ந்தாள். தன் முறை வந்ததும், "ஆண்டவரே, சின்னவனுக்குச் சளி குறையணும்" என்றாள். அவனை அடக்கம் செய்த பிறகு அவள் வாய்திறந்து ஜெபித்தது அதுதான் முதல் தடவை. நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் கண்ணைத் திறக்காமலே, "ஆமென்" என்றார்.

சித்தி, அம்மாவைப் பிரசவத்துக்குக் கூப்பிடுங்கள். தனக்காக என்றால் ஊழியத்தை விட்டு வரமாட்டாள். உங்களுக்காக என்றால் வருவாள், அப்பாவும் தடுக்கமாட்டார். நான் இங்கேயே இருந்துகொள்கிறேன். சோறு குழையாமல் வடிப்பது எப்படி என்று மட்டும் எழுதுங்கள்.

எனக்குப் பயமாக இருக்கிறது. ஸ்வெட்டரை என் பள்ளிக்கூடப் பைக்குள் ஒளித்துவைத்திருக்கிறேன்.

கதவு தட்டும் சத்தம். அம்மாதான். "அந்த ஸ்வெட்டரை எங்கடி வச்சே? தம்பிக்குக் குளிருது" என்கிறாள். சித்தி, நான்