ஆற்றில் முழுகிய ஆர்மோனியம்

சிவமயம்
பொந்தியான், பவ வருஷம் தை 12

அன்புள்ள ஆத்தாவுக்கு மகன் உலகப்பன் கும்பிட்டு எழுதுவது. நான் சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

நான் தொண்டு செய்யும் பஜனை மடத்து வாலிபர்களும், பள்ளிவாசல் வாலிபர்களும், சீன வேதக்கோயில் வாலிபர்களும் சேர்ந்து போன ஞாயிறு முதன்முறையாகக் கூட்டம் நடத்தினோம். கூட்டம் ஆற்றுக்கு அக்கரையில். மடத்து ஆர்மோனியம் என் பொறுப்பு. படகிலிருந்து இறங்கும்போது கால் வழுக்கி, பெட்டியோடு முழுகி எழுந்தேன். பயப்படாதீர்கள், கழுத்தளவுத் தண்ணீர்தான். பள்ளிவாசல் வாலிபன் காசிம் உடனே குதித்துவிட்டான்.

"பெட்டிய விடுங்க லா, மொதல்ல என் கையப் புடிங்க!" என்று இந்த ஊர் 'லா' இழுவையோடு கத்தினான்.

"இது மடத்துச் சொத்து, விடமாட்டேன்!" என்றேன். கடைசியில் இரண்டையும் சேர்த்தே இழுத்துக் கரையேற்றினான்.

ஆர்மோனியம் ஊமையாகிவிட்டது. காசிமின் மாற்றுச் சட்டையைப் போட்டுக்கொண்டு தேவாரம் பாட எழுந்தேன். அத்தனை முகங்களைப் பார்த்ததும் குரலே வரவில்லை. ஒரு சீன வாலிபர் பிடிலில் மெல்லச் சுருதி பிடித்தார். காசிம் கொம்பாங் என்னும் கைமேளத்தைத் தட்டினான். பாடிவிட்டேன், ஆத்தா! கூட்டம் விடவில்லை, நான்கு பாட்டு பாடினேன்.

என் தேவாரப் புத்தகம் நனைந்துபோனது, வேறொன்று அனுப்புங்கள். தங்கச்சி கமலாட்சியைப் பொடி எழுத்தில் எழுதச் சொல்லுங்கள். ஒரே பக்கத்தில் நிறையச் செய்தி அடங்கும். உங்கள் கடிதம் பிரித்தவுடன் தீர்ந்துவிடுகிறது.

தபால் வண்டி வந்துவிட்டது. அடுத்த கூட்டத்துக்குப் பலகாரம் நான் செய்வதாக வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அறுபது பேருக்கு வெள்ளைப்பணியாரம் சுடுவது எப்படி? உடனே எழுதுங்கள்.

உலகப்பன்